புதிய திருத்தந்தையை உலகம் வரவேற்ற விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மே 8-ம் தேதி கத்தோலிக்கர்களின் புதிய திருத்தந்தையாக, அதாவது போப்பாக, பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று தொடங்கி மறைக்கல்வி வகுப்பிலும், ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலிலும், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே மாதிரியான கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்பவர்களில் கத்தோலிக்கர் அல்லாத நண்பர்களும் நிறைய. அவருடைய வாழ்க்கை வரலாற்றைவிட, அவர் பெயர் அறிவிக்கப்பட்டதும் ஊர் உலகம் ஏன் அப்படி நடந்துகொண்டது என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். எனக்கும் அதுதான் முக்கியமாகப்படுகிறது. கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே போட்டிருக்கிறேன்.

1. போப் தேர்தல்னா உலகத்துல இருக்கிற கத்தோலிக்கர் எல்லாரும் ஓட்டுப் போடுவாங்களா?

இல்லை. திருத்தந்தைக்கு அடுத்த நிலையில் உள்ள கர்தினால்களில் 80 வயதைத் தாண்டாதவர்கள் மட்டும்தான் வாக்களிப்பார்கள். 2025 ஏப்ரல் 21-ல் திருத்தந்தை பிரான்சிஸ் இறந்தார். மே 7-ம் தேதி 133 கர்தினால்கள் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 89 வாக்கு வாங்குபவர்தான் திருத்தந்தை. உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். கைப்பேசி கிடையாது, செய்தித்தாள் கிடையாது. இதற்குத்தான் கான்க்ளேவ் என்று பெயர்.

ஆகவே 140 கோடிக் கத்தோலிக்கருக்கு இந்தத் தேர்தலில் பிரச்சாரமும் இல்லை, வாக்கும் இல்லை. அவர்கள் பங்கு முழுவதும் முடிவு தெரிந்த பிறகுதான் தொடங்குகிறது.

2. பேரே தெரியாம, வெறும் புகையைப் பார்த்துட்டு ஜனங்க ஏன் அப்படிக் கத்துறாங்க?

வாக்குச்சீட்டுகளை அங்கேயே ஓர் இரும்பு அடுப்பில் எரித்துவிடுவார்கள். பக்கத்தில் இன்னொரு அடுப்பு, புகைக்கு நிறம் கொடுக்கும் ரசாயனங்களுக்காக. முடிவு எட்டவில்லை என்றால் கறுப்பு, எட்டினால் வெள்ளை. அந்தக் காலத்தில் நிறம் சரியாகத் தெரியாமல் குழப்பம் வந்ததுண்டு. 1958-ல் வெள்ளைப் புகை என்று நினைத்து, வெளியே புனித பேதுரு சதுக்கமே ஆரவாரம் செய்து, பிறகு ஏமாந்தது. 2005-லிருந்து வெள்ளைப் புகையோடு பேராலய மணியும் அடிக்கிறார்கள்.

மே 7 இரவு ஒன்பது மணிவரை காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது கறுப்புப் புகை. மறுநாள் காலையிலும் கறுப்பு. மாலையில் எல்லாத் தொலைக்காட்சிக் கேமராவும் அந்த ஒல்லியான புகைக்குழாயையே காட்டிக்கொண்டிருந்தபோது, ஓடு வேய்ந்த கூரையில் கடற்புறா ஒன்று தன் குஞ்சோடு வந்து நின்றது. சதுக்கத்தில் கூட்டம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில், ரோம் நேரம் 6.07-க்கு, வெள்ளைப் புகை. நமக்கு இரவு 9.37.

பெயர் தெரியாமலேயே வந்த அந்தச் சந்தோஷத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். யார் என்று தெரிந்த பிறகு நம்மவரா, அடுத்தவரா என்ற கணக்கு தொடங்கிவிடுகிறது. அந்த ஒரு மணி நேரம் மட்டும் அந்தக் கணக்கு இல்லை. தலைவர் இல்லாமல் இருந்த குடும்பத்துக்குத் தலைவர் கிடைத்தார் என்ற நிம்மதி மட்டும் இருந்தது.

3. பேரை அறிவிச்சப்போ கூட்டத்துல பாதிப்பேர் யாருன்னே தெரியாம முழிச்சாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். கர்தினால் தொமினிக் மம்பெர்த்தி பேராலய மாடத்துக்கு வந்து லத்தீனில் பெயரைச் சொன்னார்: ராபர்ட் பிரான்சிஸ் பிரவோஸ்ட். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து 'யார், யார்?' என்று கேட்டவர்கள் நிறையப் பேர். ஊடகங்கள் வாரக்கணக்கில் இத்தாலியின் பியெத்ரோ பரோலின், பிலிப்பைன்ஸின் லூயிஸ் அந்தோனியோ தாக்ளே என்று சொல்லிக்கொண்டிருந்தன. பிரவோஸ்ட் பெயரும் சில பட்டியல்களில் இருந்தது, ஆனால் முன்வரிசையில் இல்லை.

கர்தினால்களுக்கு அவர் புதியவர் அல்ல. உலகெங்கும் ஆயர்களை, அதாவது பிஷப்புகளை, தேர்வு செய்யும் வத்திக்கான் துறைக்கு 2023-லிருந்து அவர்தான் தலைவராக இருந்தார். அதற்கு முன் 2001 முதல் 2013 வரை அகுஸ்தீன் துறவற சபையின் உலகத் தலைவராக நாடு நாடாகச் சுற்றியவர், கேரளத்துக்கும் வந்திருக்கிறார். நாலாவது வாக்கெடுப்பிலேயே முடிவு வந்ததற்கு இந்த அறிமுகம் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதுவும் புதிதல்ல. 1978 அக்டோபரில் வொய்த்திவா (இரண்டாம் ஜான் பால் ஆன போலந்துக்காரர்) என்ற பெயரைக் கேட்டு, அவர் எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாமல் நின்ற ரோமர்கள் உண்டு. 455 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் இத்தாலியர் அல்லாத திருத்தந்தை அவர். 'நான் தப்பாகப் பேசினால் திருத்துங்கள்' என்று அவர் இத்தாலிய மொழியில் சொன்னதும் அதே கூட்டம் கைதட்டி அவரைத் தன்னவராக்கிக்கொண்டது.

4. அமெரிக்கர் போப்பாக வரவே மாட்டார்னு சொன்னாங்களே, அப்புறம் எப்படி?

எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை. ஏற்கெனவே படையும் பணமும் வைத்திருக்கும் வல்லரசுக்குத் திருச்சபையின் தலைமையும் போகக் கூடாது என்ற தயக்கம் பல ஆண்டுகளாக இருந்தது. அதனால்தான் அறிவிப்பைக் கேட்ட பல அமெரிக்கர்களுக்கே நம்ப முடியவில்லை.

ஆனால் அவரை அமெரிக்கர் என்று மட்டும் சொன்னால் பாதி ஆள்தான் தெரிவார். 1955-ல் சிகாகோவில் பிறந்தவர். 1985-ல் மறைப்பணிக்காகப் பெருவுக்குப் போனார். 2015-ல் பெரு நாட்டுக் குடியுரிமை பெற்றார். தேர்வுக்குப் பிறகு, அவருடைய தாய்வழிப் பாட்டன் பாட்டி நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆப்பிரிக்க, ஐரோப்பிய வம்சாவளி கலந்த கிரியோல் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்று பழைய குடிக்கணக்கு ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் அந்தச் செய்தியை எவ்வளவு நெகிழ்ச்சியோடு பகிர்ந்தார்கள் என்பதை நம் ஊர்ச் செய்திகள் அதிகம் காட்டவில்லை. சொந்த நாட்டுக் கோயில்களிலேயே ஒரு காலத்தில் பின் வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அந்த நெகிழ்ச்சிக்கு முழு நியாயம் உண்டு.

5. பெருவுல எதுக்கு அவ்வளவு கொண்டாட்டம்? அவர் அங்க பிறக்கக்கூட இல்லையே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பெருவின் வடக்குக் கடற்கரைப் பக்கம் சிக்லாயோ என்று ஒரு நகரம். 2015 முதல் 2023 வரை அவர் அங்கே ஆயர். அதற்கு முன்பே, இளம் குருவாக, துருஹியோ நகரில் சுமார் பத்து வருடம் குருமாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்த மக்களுக்கு 'பிரவோஸ்ட்' அறிமுகமில்லாத பெயரே அல்ல. தங்கள் பிள்ளைக்கு உறுதிபூசுதல் கொடுத்தவர், தங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வந்தவர்.

தேர்வுக்குப் பிறகு உலகம் முழுக்கச் சுற்றிய படங்களைப் பாருங்கள். 2023-ல் யாக்கு புயல் மழையில் சிக்லாயோ பக்கம் வெள்ளம். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றுத் தண்ணீருக்குள் நிற்கிறார் ஆயர். மற்றொரு படத்தில் குதிரை மேல். மலையோரப் பங்குக் கோயில்களுக்குச் சாலை இல்லாவிட்டால் அப்படித்தான் போக வேண்டும். கொரோனா காலத்தில் பெருவில் ஆக்ஸிஜன் கிடைக்காமல் ஜனங்கள் வாசலிலேயே செத்தார்கள். அப்போது நன்கொடை திரட்டி ஆக்ஸிஜன் உற்பத்தி நிலையங்கள் அமைய அவர் முன்நின்றார். இதெல்லாம் அவர் கர்தினால் ஆவதற்கு முன் நடந்தவை. யாருக்கும் காட்டுவதற்காக எடுத்த படங்கள் அல்ல.

ஆகவே மே 8 மாலை சிக்லாயோ பேராலயத்தின் மணி அடித்தபோது ஜனங்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. 'போப் சிக்லாயோக்காரர்' என்றே கோஷம் போட்டார்கள். அவர் சாப்பிட்ட உணவுக்கடைகள் 'இங்கேதான் திருத்தந்தை சாப்பிட்டார்' என்று பலகை வைத்தன. அவருக்கு இளம் ஆட்டுக்கறியும் செவிச்சே என்ற எலுமிச்சை ஊறிய மீனும் பிடிக்கும் என்று ஊரே சொன்னது.

அவரும் மறக்கவில்லை. மாடத்தில் இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, அனுமதி கேட்டு, ஸ்பானிய மொழிக்கு மாறினார். பெருவில் உள்ள தன் அன்பான சிக்லாயோ மறைமாவட்டத்துக்கு வாழ்த்துச் சொன்னார். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. இதை அமெரிக்கர்களில் சிலர் குறையாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. பிறந்த ஊருக்கு முன்னால் உழைத்த ஊரை நினைத்தார். ஒரு மேய்ப்பரிடம் நான் எதிர்பார்ப்பது அதுதான்.

6. சிகாகோவுல பேஸ்பால் சண்டை வந்துச்சாமே?

சண்டை இல்லை, பாசப் போட்டி. சிகாகோவில் ஒயிட் சாக்ஸ், கப்ஸ் என்று இரண்டு அணிகள். கப்ஸ் தன் மைதானத்து வாசலில் 'அவர் நம் ரசிகர்' என்று பலகை போட்டுவிட்டது. சிகாகோ பக்கத்தில் இருக்கும் அவர் அண்ணன், 'கிடையவே கிடையாது, அவன் எப்போதும் ஒயிட் சாக்ஸ்தான்' என்று சொல்லித் தீர்த்துவைத்தார். 2005 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் பார்வையாளர்களிடையே அவர் உட்கார்ந்திருக்கும் தொலைக்காட்சிக் காட்சியும் கிடைத்தது. ஒயிட் சாக்ஸ் மைதானத்தில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் இப்போது அவர் படம் வரைந்திருக்கிறார்கள். ஜூன் மாதம் அதே மைதானத்தில் நன்றித் திருப்பலியும் நடந்தது.

அவர் வளர்ந்த சின்ன வீடு டால்டன் என்ற புறநகரில் இருக்கிறது. விற்பனைக்குப் போட்டிருந்த அந்த வீட்டை உள்ளாட்சி நிர்வாகமே வாங்கிவிட்டது. அவர் சிறுவயதில் போன பங்குக் கோயிலோ எப்போதோ மூடப்பட்டுச் சிதைந்து கிடக்கிறது. கொண்டாட்டத்தைக் காட்டிய செய்திகளோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

7. ட்ரம்ப் வாழ்த்தினார், ஆனா ட்ரம்ப் ஆளுங்களே திட்டினாங்க. எது உண்மை?

இரண்டும் உண்மை. நாட்டுக்கு இது பெரிய கௌரவம் என்று ட்ரம்ப் எழுதினார். சில நாட்களுக்கு முன்புதான் தன்னையே திருத்தந்தை உடையில் காட்டும் செயற்கை நுண்ணறிவுப் படத்தைப் பகிர்ந்து பல கத்தோலிக்கர்களின் மனதைப் புண்படுத்தியிருந்தார். ட்ரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன் போன்றவர்கள் புதிய திருத்தந்தையைக் கடுமையாக விமர்சித்தார்கள். பிரவோஸ்ட் பெயரில் இருந்த எக்ஸ் கணக்கில் பிப்ரவரியில் பகிரப்பட்ட ஒரு கட்டுரை அவர்களுக்கு ஆதாரமாகக் கிடைத்தது. அன்பு செலுத்துவதில் முதலில் நம் குடும்பம், பிறகு நம் நாட்டவர், அதன் பிறகே மற்றவர் என்று துணை அதிபர் ஜே.டி.வான்ஸ் சொன்னது தவறு என்பது அந்தக் கட்டுரையின் வாதம். வான்ஸும் கத்தோலிக்கர். மே 18-ல் பணியேற்புத் திருப்பலியில் அவர் முன் வரிசையில் இருந்தார்.

ஒருவரை வாயைத் திறக்கும் முன்பே 'நம்ம கட்சி', 'எதிர்க்கட்சி' என்று பிரிப்பது வருத்தமான பழக்கம். குடியேறிகளை மனிதராக நடத்துங்கள் என்பதும், கருவில் இருக்கும் உயிரைக் காப்பாற்றுங்கள் என்பதும் திருச்சபையின் போதனைதான். ஒரு கட்சிக்கு முதலாவது பிடிக்காது, இன்னொரு கட்சிக்கு இரண்டாவது பிடிக்காது.

8. பிரான்சிஸ் போடாத சிவப்பு மேலாடையை இவர் போட்டாரே, அப்படின்னா பழைய பாணிக்குத் திரும்புறாரா?

2013-ல் பிரான்சிஸ் வெறும் வெள்ளை அங்கியோடு வந்து, 'மாலை வணக்கம்' என்று சொல்லி, மக்கள் முன் தலைகுனிந்து தனக்காக மன்றாடக் கேட்டார். லியோ பாரம்பரியச் சிவப்பு மேலாடையோடு வந்தார். அதைப் பார்த்ததும் பாரம்பரிய வழிபாட்டை விரும்புபவர்கள் மகிழ்ந்தார்கள், மாற்றத்தை விரும்புபவர்கள் கவலைப்பட்டார்கள். ஆனால் அதே உடையில் நின்றுகொண்டு அவர் பிரான்சிசுக்கு நன்றி சொன்னார், பாலங்கள் கட்டுவோம் என்றார். துணியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

9. லியோங்கிற பேருக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

பதிமூன்றாம் லியோவை நினைத்து வைத்த பெயர் அது. அவர்தான் 1891-ல் தொழிலாளர்களின் கூலி, சங்கம் சேரும் உரிமை பற்றிச் சுற்றுமடல் எழுதியவர். மே 10-ம் தேதி கர்தினால்களிடம் புதிய திருத்தந்தையே காரணம் சொன்னார்: அன்று இயந்திரப் புரட்சி, இன்று செயற்கை நுண்ணறிவு, மனித மாண்பும் நீதியும் உழைப்பும் மறுபடியும் கேள்விக்குள்ளாகியிருக்கின்றன. தொழிற்சங்கக்காரர்களும் கணினித் துறையினரும் அவரைக் கவனிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். அவர் கணிதப் பட்டதாரி என்பதையும் எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

10. நம்ம நாட்டுல மட்டும் ஏன் சத்தமே இல்லை? டிவில அஞ்சு நிமிஷம்கூடக் காட்டலையே?

அந்த இரவை ஞாபகப்படுத்திப் பாருங்கள். மே 7 அதிகாலைதான் ஆபரேஷன் சிந்தூர் நடந்திருந்தது. மே 8 இரவு ஜம்மு இருட்டடிப்பில் இருந்தது. தரம்சாலாவில் ஐபிஎல் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி ரசிகர்களை வெளியே அனுப்பினார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில்தான் ரோமில் வெள்ளைப் புகை. எந்தத் தொலைக்காட்சியும் போர்ச் செய்தியை விட்டு நகராதது இயல்பு. பிரதமர் மோடி வாழ்த்துச் செய்தி வெளியிட்டார். நம் கோயில்களில் மணி அடித்தது, பட்டாசும் வெடித்தது, அடுத்த ஞாயிறு நன்றி மன்றாட்டு நடந்தது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மே 11 ஞாயிறு நண்பகல், அதே மாடத்திலிருந்து முதல் ஞாயிறு உரையில், உக்ரைனுக்கும் காசாவுக்கும் சமாதானம் கேட்டவர், இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலான போர்நிறுத்தச் செய்தியை மகிழ்ச்சியோடு வரவேற்றார். நாம் அவரைக் கவனிக்காத வாரத்தில் அவர் நம்மைக் கவனித்திருக்கிறார்.

11. கான்க்ளேவ்ல தமிழர் யாராவது இருந்தாங்களா?

இந்தியாவிலிருந்து நால்வர் வாக்களித்தார்கள்: கோவாவின் பிலிப் நேரி பெரராவ், திருவனந்தபுரத்தின் பசேலியோஸ் கிளீமிஸ், ஐதராபாத்தின் அந்தோணி பூலா, வத்திக்கானில் பணியாற்றும் ஜார்ஜ் கூவக்காடு. இலங்கையிலிருந்து மால்கம் ரஞ்சித். தமிழர் இல்லை.

செஞ்சிக்குப் பக்கத்தில் கல்லேரியில் பிறந்த கர்தினால் லூர்துசாமியைப் பெரியவர்கள் பெருமையோடு நினைவுகூர்வார்கள். 1985-ல் கர்தினால் ஆனார். ஆனால் அவருக்கு 80 வயது நிறைந்தது 2004-ல். அடுத்த கான்க்ளேவ் நடந்தது 2005-ல். முதல் கேள்வியில் சொன்ன வயது விதியால் அவருக்கு வாக்களிக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

12. எல்லாரும் சந்தோஷப்பட்ட மாதிரிதானே காட்டுறீங்க? எதிர்ப்பே இல்லையா?

இருந்தது, அதை மறைக்கக் கூடாது. குருக்களின் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்காகப் பேசும் ஸ்னாப் என்ற அமெரிக்க அமைப்பு அன்றே கவலை தெரிவித்தது. சிக்லாயோவில் சில பெண்கள் 2022-ல் கொடுத்த புகாரை மறைமாவட்டம் சரியாக விசாரிக்கவில்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. விதிப்படி விசாரித்து ரோமுக்கு அனுப்பினோம் என்று மறைமாவட்டம் மறுத்தது. அதே பெருவில், சொதாலிசியோ என்ற கத்தோலிக்க இயக்கத்தின் கொடுமைகளை வெளிக்கொண்டுவந்த பத்திரிகையாளர்கள், தங்களுக்கு ஆதரவாக நின்ற ஆயர்களில் பிரவோஸ்ட்டும் ஒருவர் என்று சாட்சி சொன்னார்கள். அந்த இயக்கத்தைப் பிரான்சிஸ் 2025-ல் கலைத்தார். இரண்டு தரப்புச் சொல்லையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஒருபால் ஈர்ப்புடையவர்கள் பற்றி 2012-ல் அவர் பேசிய கடுமையான பேச்சு ஒன்றும் மறுபடி வெளியே வந்தது. அந்தச் சமூகத்தினரில் சிலர் பயந்தார்கள், சிலர் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள்.

கொண்டாட்டத்தின் நடுவே இதையெல்லாம் ஏன் பேச வேண்டும் என்று என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. பாதிக்கப்பட்டவர்களும் திருச்சபையின் பிள்ளைகள்தான். வெள்ளைப் புகையைப் பார்த்ததும் அவர்களுக்கு முதலில் தோன்றிய கேள்வி 'இவராவது நாங்கள் சொல்வதைக் கேட்பாரா?' என்பதுதான். மற்ற எல்லா எதிர்வினைகளையும்விட எனக்குக் கனமாகத் தெரிவது இதுதான்.

13. இவர்தான் கடைசி போப்னு ஒரு தீர்க்கதரிசனம் இருக்காமே?

புனித மலாக்கி சொன்னதாக ஒரு பட்டியல் சுற்றுகிறது. மலாக்கி 12-ம் நூற்றாண்டு அயர்லாந்து ஆயர். பட்டியல் அச்சானதோ 1595-ல். அதில் 1590 வரையிலான திருத்தந்தையர்களுக்குக் குறிப்புகள் கச்சிதமாகப் பொருந்துகின்றன, பிறகு வந்தவர்களுக்கு இழுத்துப் பிடித்தால்தான் பொருந்தும். அந்தக் காலகட்டத்தில் யாரோ எழுதி வைத்தது என்பதற்கு இது போதும். அதுமட்டுமல்ல, வழக்கமாக எண்ணும் முறையில் 112 குறிப்புகளும் பிரான்சிசோடே முடிந்துவிட்டன. பயப்பட ஒன்றும் இல்லை.

14. முதல் நாள் ஜனங்க சொல்றது பிற்பாடு சரியா வருதா?

பெரும்பாலும் பாதிதான் வருகிறது. 2005-ல் ஜெர்மானியரான பதினாறாம் பெனடிக்ட் தேர்வானதும் ஜெர்மனியின் பில்ட் நாளேடு 'நாமே திருத்தந்தை' என்று முதல் பக்கத்தில் போட்டது. ஆனால் அந்த நாட்டிலேயே அவருக்குப் பெரும் விமர்சனம் வந்தது, எட்டு ஆண்டில் அவர் பதவி விலகினார். 2013-ல் அர்ஜென்டினாவில் கொண்டாட்டத்தோடு, ராணுவ ஆட்சிக்காலத்தில் பெர்கோலியோ (திருத்தந்தை பிரான்சிசின் இயற்பெயர்) எப்படி நடந்துகொண்டார் என்ற சர்ச்சையும் எழுந்தது. பன்னிரண்டு ஆண்டு பதவியில் இருந்தும் அவர் தன் தாய்நாட்டுக்கு ஒரு முறைகூடத் திரும்பிப் போகவில்லை. அன்று தெருவில் ஆடிய யாரும் அதை நினைத்திருக்க மாட்டார்கள். மறுபக்கம், 1978-ல் போலந்து மக்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமே நடந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் இரண்டாம் ஜான் பால் தாய்நாட்டுக்கு வந்தபோது, கம்யூனிச அரசு திகைக்கும் அளவுக்குக் கூட்டம் திரண்டது.

லியோவைப் பொறுத்தவரை, எட்டாவது கேள்வியில் சொன்ன மேலாடையை வைத்து மகிழ்ந்தவர்களுக்கும் கவலைப்பட்டவர்களுக்கும் அதே ஆண்டு அக்டோபரில் பதில் கிடைத்தது. அவருடைய முதல் பெரிய ஏடு ஏழைகள் மேல் கொள்ள வேண்டிய அன்பைப் பற்றியது. பிரான்சிஸ் தொடங்கிவைத்ததைத் தான் முடித்ததாக அதிலேயே சொன்னார். ஐந்தாவது பதிலில் உள்ள வெள்ளப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது. அவரைத் தெரிந்தவர்களின் மகிழ்ச்சிக்கும், அவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களின் மகிழ்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் அது.

15. போப் இப்படிச் சொன்னார்னு தினமும் வீடியோ வருதே, எதை நம்புறது?

தேர்வான சில நாட்களிலேயே அவர் முகத்தையும் குரலையும் வைத்து செயற்கை நுண்ணறிவில் செய்த போலி உரைகள் யூடியூபில் குவிந்துவிட்டன. அவர் ஒருபோதும் பேசாத வார்த்தைகள். அழுதுகொண்டே பகிர்ந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. நல்ல வார்த்தை கேட்க வேண்டும் என்ற ஏக்கம்தான் அவர்களை நம்ப வைக்கிறது.

வத்திக்கானின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அவருடைய உரைகள் முழுதாக வெளியாகின்றன. வத்திக்கான் செய்திகளுக்குத் தமிழ்ப் பக்கமும் உண்டு. வத்திக்கான் வானொலியின் தமிழ்ப்பிரிவு நடத்துவது. எந்த நாளில், எந்த நிகழ்ச்சியில் சொன்னார் என்ற விவரம் வீடியோவில் இல்லை என்றால் பகிராதீர்கள். விவரம் இருந்தால் அந்தத் தேதியை அந்தப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் அனுப்பியவருக்கே சொல்லிவிடுங்கள்.